படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜிம்மைப் பற்றி. சேரலாமா, எதைச் செய்யலாம் என்பதைவிட, உள்ளே காலடி எடுத்து வைக்கவே பயமாக இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, அதற்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது.

அக்கா, எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள், எடை 81 கிலோ. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஜிம் திறந்திருக்கிறார்கள் என்று ஆசைப்பட்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டினேன். முதல் நாள் போனபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே எல்லோரும் கட்டுமஸ்தாக இருக்கிறார்கள், பாட்டு வேறு அலறுகிறது. மாடிப்படியிலேயே ஐந்து நிமிஷம் நின்றேன். அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் அவரிடம் "போனேன்" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் ஆகிறது. கொஞ்சம் எடையைக் குறைத்துக்கொண்டு அப்புறம் போகலாமா? — வாசகி, பாளையங்கோட்டை

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கினேன் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். ஜிம்முக்குள் நின்று கதவுப் பக்கம் பார்த்த பல வருஷங்களில், அப்படி இறங்கிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நானே முதல் வாரம் முழுக்க டிரெட்மில்லை விட்டு இறங்காமல் நடந்தவள்தான், மற்ற மெஷின்களில் எடையை மாற்றும் பின்னை எங்கே செருகுவது என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். எடையைக் குறைத்துக்கொண்டு போக வேண்டாம், இப்போதே போங்கள். குறைத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொரு விஷயம், 81 கிலோவைத் தினமும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குகிற உங்கள் கால்களுக்கு ஏற்கெனவே நல்ல பலம் இருக்கும். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் முதல் நாளே, ஒல்லியாக இருக்கும் பெண்களைவிட நீங்கள் அதிக எடை தள்ளினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இது உடம்பைப் பற்றிய பயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் சமையலறையில் கரண்ட் போனாலும் கடுகு டப்பா உங்கள் கைக்கு வந்துவிடும். அதே நீங்கள் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், அடுப்பங்கரையில் போய் நின்றால் கரண்டி எங்கே, தட்டு எங்கே, யாரைக் கேட்பது என்று தெரியாமல் கை ஓடாது, எல்லோரும் நம்மையே பார்க்கிற மாதிரி வேறு இருக்கும். அங்கே நமக்குச் சமையல் மறந்துபோய்விடவில்லை, இடம் பழகவில்லை, அவ்வளவுதான். ஜிம்மும் அப்படித்தான், அதனால் முதலில் இடத்தைப் பழகுங்கள்.

எப்படி என்றால், அடுத்த தடவை உடற்பயிற்சி செய்யப் போகாதீர்கள். சும்மா பார்க்கப் போங்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரையும் சாயங்காலம் ஆறுக்கு மேலும்தான் கூட்டம், பகல் பதினொரு மணிக்குப் போனால் பெரும்பாலான ஜிம்களில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டவே வேண்டாம், பையன்கள் எல்லோரும் அன்றைக்கு நெஞ்சுப் பயிற்சி என்று பெஞ்சைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே போய் மாஸ்டரிடம் "எனக்கு இதுதான் முதல் தடவை, இடத்தை ஒரு சுற்றுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வாயைத் திறந்து இந்த வாக்கியத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பயிற்சி, அதை முடித்துவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. செருப்பை எங்கே விடுவது, தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, ஃபேன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மறுநாள் போய் டிரெட்மில்லில் பத்து நிமிஷம், நாலு கிலோமீட்டர் வேகத்தில் நடங்கள். அதில் ஒரு கயிறும் கிளிப்பும் தொங்கும், அதை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள், தடுமாறினால் அது இழுபட்டு மெஷின் நின்றுவிடும். வாசலில் படபடவென்று அடித்துக்கொண்ட நெஞ்சுக்கு அந்தப் பத்து நிமிஷ நடை ஒரு வேலை கொடுத்துவிடும். அப்புறம் மூன்றே மூன்று மெஷின்: காலுக்கு லெக் பிரஸ், முதுகுக்கு லாட் புல்டவுன், நெஞ்சுக்கு செஸ்ட் பிரஸ். பெரும்பாலான மெஷின்களின் பக்கவாட்டில் எப்படி உட்கார வேண்டும், எந்தத் தசைக்கு வேலை என்று படம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒட்டியிருப்பதே அதற்காகத்தான். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் ஒரு செட், அப்படி இரண்டு செட், நடுவில் ஒன்றரை நிமிஷம் ஓய்வு. நிறுத்தும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும், அதுதான் உங்களுக்குச் சரியான எடை. எந்த மெஷினில் பின் எந்த எண்ணில் இருந்தது, சீட் எந்த உயரம் என்று ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம்.

இதையே வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மாதம். யூடியூபில் புதிது புதிதாகப் பார்த்து மாற்றாதீர்கள். ஒரே மூன்று மெஷினுக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது மூன்றாவது வாரமே அது உங்கள் இடம் மாதிரி ஆகிவிடும், கை தானாகப் பின்னைத் தேடிப் போகும்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்பதற்கு வருகிறேன். 2000-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் போட்டுக்கொள்ளக் கூசும் ஒரு பழைய பாடகரின் முகம் பெரிதாக அச்சடித்த டீ-ஷர்ட்டை ஒருவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் போட்டுக்கொண்டு போனவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். ஜிம்மில் இன்னொன்றும் உண்டு, ஒரு செட் முடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்பார், அந்தப் பார்வை விழும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். அவர் மனசில் அப்போது ஓடிக்கொண்டிருப்பது அடுத்த செட்தான்.

ஆனால் யாருமே பார்க்க மாட்டார்கள் என்று உங்களிடம் நான் பொய் சொல்லத் தயாராக இல்லை. சில ஆண்கள் வெறித்துப் பார்ப்பது உண்டு, அது பெண்களின் கற்பனை கிடையாது. ஒரே ஆள் இரண்டாவது நாளும் அப்படிப் பார்த்தாலோ, ஃபோனை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாலோ, ஜிம் முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள். அதைச் சரி செய்வது அவர் வேலை. அதைவிட்டு உங்களிடம் வந்து "நீங்கள் வேறு நேரத்துக்கு வாங்களேன்" என்றால் அந்த ஜிம் வேண்டாம், பணம் போனால் போகட்டும்.

படியில் நின்று திரும்பியதும் ஒரு நிம்மதி வந்திருக்குமே, பயம் வளர்வது அந்த நிம்மதியைத் தின்றுதான். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஏதோ ஆபத்திலிருந்து தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும், அடுத்த தடவை படி இன்னும் உயரமாகத் தெரியும். அதனால் மறுபடியும் தயக்கம் வந்தால் இறங்காதீர்கள், உள்ளே போய் வரவேற்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, படபடப்பு கொஞ்சம் அடங்கிய பிறகு வாருங்கள். அதுவும் ஒரு நாள் கணக்குதான்.

முதல் வாரம் உடம்பு வலிக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செய்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும், இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டி வரலாம். பழகாத தசையில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அது ஆறும் வேலையும்தான் அந்த வலி, மூன்று நாலு நாளில் போய்விடும், அதே பயிற்சியை மறுபடி செய்யும்போது இவ்வளவு வலிக்காது. ஆனால் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுத்த டீ டிக்காஷன் நிறத்தில் போனால் வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவுக்கு மீறிச் செய்து தசை சிதைந்தால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான் சொன்ன அளவில் செய்தால் அது வருவது மிக அரிது.

அப்புறம், வீட்டில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அவரையே வாசல் வரை வரச் சொல்லுங்கள். ஒளித்துக்கொண்டே போவதும் ஒரு சுமைதானே.

மேடம், காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், 52 கிலோதான் இருக்கிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் காலி ராடுக்கு மேல் என்னால் தூக்க முடியவில்லை, கூட வரும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பவுடர் வாங்கு, இல்லையென்றால் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் மூன்று மாதத்தில் உடம்பு ஏறிவிடும் என்று மாஸ்டர் சொல்கிறார். — வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, முதலில் ஊசி. வேண்டாம். அது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும், ஆண் ஹார்மோன் வகை மருந்து. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் உள்ளே போகப் போக உன் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விதைப்பைக்குள் இருக்கும் விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெருக்கலாம், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு. பத்தொன்பது இருபது வயசுப் பையனிடம் இதைப் பேசுகிற ஆளுக்கு மாஸ்டர் என்ற பெயர் பொருந்தாது. இந்த மாதத்தோடு அந்த ஜிம்மை விட்டுவிடு.

அந்தக் காலி ராட் எவ்வளவு எடை என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் ராட் 20 கிலோ. சின்ன ஜிம்களில் எட்டு, பத்து கிலோ ராடும் இருக்கும், எது என்று கேட்டுக்கொள். 20 கிலோ ராடாக இருந்தால், உன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெஞ்சுக்கு மேல் பிடித்திருக்கிறாய். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் இரண்டு விதமான தூக்கலில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018-இல் கோல்ட் கோஸ்டிலும் தங்கம். அந்த விளையாட்டில் இருப்பவர்கள் இன்றைக்கும் வார்ம்-அப்பைக் காலி ராடில்தான் தொடங்குவார்கள்.

முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கிற தசையைச் சேர்த்து வேலை வாங்க மூளை பழகுகிறது, தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது அதற்குப் பிறகு. ராடைச் சரியாகப் பிடித்து, நெஞ்சு வரை இறக்கி, ஆடாமல் பன்னிரண்டு தடவை மூன்று செட் வந்துவிட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து 2.5 கிலோ கூட்டு. நண்பர்களுக்காகக் கூட்டாதே. தனியாகப் பெஞ்ச் செய்யும்போது ராட் நெஞ்சில் மாட்டிக்கொண்டால் கஷ்டம், பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்.

பவுடர் இல்லாமலே முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது. சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு என்பது அவர்கள் கணக்கு, உனக்கு அது 43 கிராம், பயிற்சி செய்வதால் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம், அதோடு சுண்டல், பருப்பு, தயிர், மீன். ஹாஸ்டலில் காலை டிபனைத் தவறவிடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடு.

எனக்கு 58 வயது. 12 வருஷமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை. டாக்டர் எடைப் பயிற்சி நல்லது என்கிறார். பையன்கள் நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. நடைப்பயிற்சி மட்டும் போதாதா? — வாசகர், தஞ்சாவூர்

நடையை விடாதீர்கள் ஐயா, ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான நடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையை அதிகம் உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான், வயசாக ஆகத் தசை கரைகிறது, அதனால் உங்களுக்குப் பையன்களைவிட இது முக்கியம்.

தொடங்கும் முன் கண் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள், அங்கே இரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால் கனமாகத் தூக்குவது ஆபத்து. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம், வெறும் வயிற்றில் போகாதீர்கள், பையில் குளுக்கோஸ் அல்லது நாலு மிட்டாய் இருக்கட்டும், மாஸ்டரிடமும் சொல்லி வையுங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிரஷர் சட்டென்று ஏறிவிடும், தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். காலுக்கு நல்ல ஷூ, வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டும் கட்டாயம். பையன்கள் விஷயம், பகல் நேரத்தில் போனால் உங்கள் வயசுக்காரர்கள் ஓரிருவர் இருக்க வாய்ப்பு அதிகம். கூட்டத்தில் போனாலும் நான் பார்த்தவரை, பெரியவர் ஒருவர் வந்து நின்றால் அந்தப் பையன்களே பிளேட்டை எடுத்துக் கொடுப்பார்கள்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது மாஸ்டர் கேட்காமல் இடுப்பிலும் முதுகிலும் கைவைக்கிறார். இது சாதாரணமா, நான்தான் பயப்படுகிறேனா? — வாசகி, மதுரை

சாதாரணம் கிடையாது. நல்ல மாஸ்டர் வாயால் சொல்வார், தன் உடம்பில் செய்து காட்டுவார், தொட்டே ஆக வேண்டுமென்றால் "தொடலாமா" என்று கேட்பார். "தொட வேண்டாம், சொல்லுங்கள் போதும்" என்று ஒரு தடவை சத்தமாக, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நடந்தால் அது தெரியாமல் நடப்பது ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்கிறவரோ இல்லையோ, அந்த இடத்தில் துன்புறுத்தப்பட்ட எந்த வயதுப் பெண்ணும் அதன்படி புகார் கொடுக்கலாம், வாடிக்கையாளரும்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். வழி கேட்க 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

ஜிம்முக்குச் சுடிதார் போட்டுக்கொண்டு போகலாமா? என்னிடம் டிராக் பேண்ட் எல்லாம் இல்லை. — வாசகி, விழுப்புரம்

தாராளமாக. துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், டிரெட்மில் பெல்ட்டிலும் கேபிளிலும் சிக்கினால் ஆபத்து. தலையில் துணி கட்டுபவர்கள் முனையை உள்ளே செருகிக்கொண்டால் போதும். பேண்ட் கணுக்காலுக்குக் கீழே புரளக் கூடாது. காசு செலவழிப்பதாக இருந்தால் ஷூவுக்குச் செலவழியுங்கள், அதை ரோட்டில் போடாமல் ஜிம்முக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டும் வேண்டும். கையில்லாத பனியனுக்கு நாம் சாண்டோ என்று பெயர் வைத்திருக்கிறோமே, அது 1905 வாக்கில் இந்தியாவுக்கு வந்து போன யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர். அந்தப் பெயர் இன்னும் நம் துணிக்கடைகளில் இருக்கிறது, அதற்காக அந்த உடுப்பில்தான் வர வேண்டும் என்று எந்த ஜிம்மும் சொல்ல முடியாது.

நான் செய்ய வேண்டிய மெஷினில் ஒருவர் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கேட்கத் தயங்கித் தயங்கி அந்தப் பயிற்சியையே விட்டுவிட்டு வருகிறேன். — வாசகர், சேலம்

அவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள், காதில் மாட்டியிருப்பதை அவர் எடுத்ததும் "அண்ணா, இன்னும் எத்தனை செட்?" என்று கேளுங்கள். இரண்டு என்றால் காத்திருக்கலாம், ஐந்து என்றால் "நடுவில் நானும் செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்கலாம், அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு செட் முடித்துவிடலாம். முடித்ததும் அவர் வைத்திருந்த எடைக்கே பின்னை மாற்றிவிட்டு, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு எழுந்துகொள்ளுங்கள். மறுநாள் அவரே உங்களைப் பார்த்ததும் தலையசைப்பார்.